பொட்டு வைத்த பனல்

போட்டோகொப்பி கடை வைத்திருப்பவளுக்கு விளக்குகளில் நம்பிக்கை இருக்காது. என் கடையில் நிற்கும் பழைய இயந்திரத்தில் கடதாசி சிக்கிவிட்டது என்று காட்ட ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. சிக்கியதை இழுத்தெடுத்த பிறகும் அது எரியும். கதவைத் திறந்து மூடி, பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினாலும் எரியும். கடதாசியே வைக்காத நாளிலும் எரிந்திருக்கிறது. அந்தச் சனியனோடு மல்லுக்கட்டிய அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் நான் என் கணவரின் கப்பலுக்குள் இறங்கினேன்.

கப்பல் என்று சொல்வது அவர் மட்டும்தான். பாலையூற்றில் இருக்கும் என் அண்ணன் அதைத் தோணி என்பார். அது அமெரிக்காவில் கட்டிய ஒரு பழைய பாய்ப்படகு. திருகோணமலை உட்துறைமுகத்தில் வந்து நங்கூரம் போடும் வெளிநாட்டுப் படகுகளுக்கு டீசல் கொண்டுபோய்க் கொடுப்பதும், சொந்தக்காரர்கள் ஊர் சுற்றப் போனால் படகைக் காவல் பார்ப்பதும் என் கணவரின் தொழிலாக இருந்தது. அப்படி அவர் பல வருடம் பார்த்துக்கொண்ட படகு இது. அதன் சொந்தக்காரக் கிழவருக்கு உடம்புக்கு வருத்தம் வந்து, இனிமேல் கடலுக்கு ஏலாது என்றான பிறகு, படகை இவர் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அன்று இவர் வீட்டுக்கு வந்து சோறுகூடச் சாப்பிடவில்லை. சந்தோசத்தில் வயிறு நிரம்பிவிட்டதாம்.

பிறகு சீனி வருத்தம் இவரது கண்ணுக்கு ஏறியது. கண்ணின் பின்பக்கத்தில் இரத்தம் கசிகிறது என்றார்கள், லேசர் அடித்தார்கள், இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இப்போது அவருக்கு முகம் தெரியாது, எழுத்துத் தெரியாது. ஆனால் வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும். இருண்ட மூலையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தாலும் அது எங்கே, என்ன நிறம் என்று சரியாகச் சொல்லுவார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு கடற்கரை விடுதியின் மனேச்சர் என் கடைக்கு வந்தார். ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வாசலில் நின்று, நான் கழித்துப்போட்ட கொப்பிகளைச் சப்பிக்கொண்டிருந்தது. முதலில் அதைப் படம் பிடித்தார். பிறகு உள்ளே வந்து, உங்கள் படகை விடுதிக்கு முன்னால் மணலில் ஏற்றி வைத்து அதற்குள் ஜூஸ் கடை போட விரும்புகிறோம், விற்பீர்களா என்று கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் மானையும் சேர்த்துத் துரத்தியிருப்பேன்.

ஆனால் வீட்டில் சொன்னதும் இவர், "வித்துப்போடுவம்," என்றார். கதிரையில் இருந்தபடி, வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"ஜூஸ் விக்கவோ அந்த மனிசன் உங்களிட்டத் தந்திட்டுப் போனவர்?"

"இஞ்சேரும், கண் தெரியாதவனுக்குக் கப்பலில என்ன வேலை?"

"பேய்க்கதை கதையாதீங்கோ," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் படகின்மீது பெரிய பாசம் கிடையாது. கட்டிய இடத்தில் ஆடினாலே எனக்குத் தலை சுற்றும். ஆனால் கண் மங்கிய நாளிலிருந்து இவர் லிங்கநகர் வீட்டு விறாந்தையில் அதே கதிரையில் இருந்தார். பக்கத்தில் றேடியோ இருக்கும், அதையும் போடமாட்டார். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். படகையும் விற்றுவிட்டால் அந்தக் கதிரையிலிருந்து அவர் எழுந்திருக்க ஒரு காரணமும் மிஞ்சாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எனக்கு வேண்டியது படகல்ல, அந்த மனிதன். விடுதிகளுக்கு ஆட்கள் வரும் கச்சான் காற்றுத் தொடங்கும்வரை பொறுங்கள், அதற்குள் முடிவு சொல்கிறேன் என்று மனேச்சருக்குச் சொல்லி வைத்தேன். அதற்குள் இவருக்குப் படகில் ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

இரண்டு பேர் படகு ஓட்டினால் ஒருவர் மேலே சுக்கான் பிடிக்க வேண்டும், மற்றவர் கீழே நின்று மின்சாரப் பனலைப் பார்க்க வேண்டும். எது எரிகிறது, எது நூர்ந்துவிட்டது, தண்ணீர்ப் பம்ப் ஓடுகிறதா என்று மேலே இருப்பவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். சுக்கான் பிடிக்க இவர் எனக்கு முன்பே பழக்கியிருந்தார். கயிறுகளை இவர் கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவார். மிச்சம் பனல்தான்.

"அது பாக்கிற வேலை. எனக்கு ஏலாது," என்றார்.

"அது லைற் பாக்கிற வேலை. லைற் உங்களுக்குத் தெரியும்தானே? எழும்புங்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு இறங்குதுறைக்குப் போகத் தொடங்கினோம். படகின் படிகளில் இறங்கியதும் இடது கைப் பக்கம் கறுப்புத் தகட்டில் பனல் இருந்தது. இரண்டு வரிசை சுவிச்சுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நெல்மணி அளவு விளக்கு. எந்தச் சுவிச் எதற்கு என்று எழுதியிருந்த எழுத்துகளை உப்பும் கட்டைவிரலும் தின்றுவிட்டன. இவருக்கு வரிசை முன்பு மனப்பாடம். ஆனால் கிழவர் போகுமுன் சிலதை இடம் மாற்றியிருந்தார். ஆகவே மனப்பாடமும் பாதி பொய்.

முதல் நாளே மானம் போயிற்று. நம் வீடுகளில் சுவிச்சைக் கீழே தட்டினால் விளக்கு எரியும். அந்தப் படகில் மேலே தட்டினால்தான் எரியும். நான் எல்லாவற்றையும் நூர்த்துவிட்டேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த முறை போனபோது பற்றரி செத்துக் கிடந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வீடுகளுக்கு வயர் பண்ணுகிற எலெக்ரிசியன். பாலையூற்றில் பாதி வீடுகள் அவர் கைபட்டவை. அதை அவரே எல்லோருக்கும் சொல்லுவார்.

"அமெரிக்கன் எல்லாத்தையும் தலைகீழாத்தான் செய்வான்," என்று அண்ணன் சிரித்தார். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டியிருந்தது. கிழவர் பாவித்த வயரின் நுனி உருகிப்போயிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, நம் ஊர் மூன்று முள்ளுப் பிளக் ஒன்றைப் பூட்டி, இறங்குதுறைக் கொட்டிலில் குத்தினார். அந்தக் கொட்டிலில், மின்சாரம் கசிந்தால் தானாக அறுத்துவிடும் ட்ரிப் சுவிச் என்ற ஒன்றே கிடையாது. பனலின் மேல் மூலையில், வரிசைகளை விட்டுத் தள்ளி, ஒரு பச்சை விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் ஒன்றாக எரிந்தன.

"பாத்தீரோ, சிவப்பு எரியுது. கறண்ட் வந்திட்டு," என்றார் அண்ணன். எங்கள் வீட்டுப் பிளக் சுவிச்சிலும் மின்சாரம் இருந்தால் ஒரு சிவப்புக் கண் எரியும். கடையிலும் அப்படித்தான். நான் ஓம் என்று தலையாட்டினேன். இவர் மட்டும், "ஒரு கறண்டுக்கு ஏன் ரெண்டு லைற்?" என்று கேட்டார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

பிறகு நாங்கள் இருவரும் வரிசையாக வேலையைத் தொடங்கினோம். அவர் ஒரு சுவிச்சை மேலே தட்டி, "எரியுது," என்பார். நான் படகு முழுக்க ஓடி எது இயங்குகிறது என்று தேடுவேன். பாய்மரத்தின் உச்சியில் இருக்கும் விளக்கில்தான் முதல் சண்டை வந்தது.

"எரியுது," என்றார் கீழேயிருந்து.

நான் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். "எரியேல்லை."

"எனக்கு முன்னால எரியுது."

"எனக்கு மேல எரியேல்லை. இஞ்ச வந்து பாருங்கோ," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் கீழே இறங்கிப் போய் அந்த நெல்மணி விளக்கை முறைத்துப் பார்த்தேன். என் மஞ்சள் விளக்கின் ஞாபகம் வந்தது. அப்போதுதான் பிடிபட்டது. அந்த விளக்கு பாய்மர உச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மின்சாரம் இந்தச் சுவிச்சைத் தாண்டிப் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறது. கடையிலிருந்து ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பினேன் என்றால், அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தமாகாது. நடுவில் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. இங்கே நடுவில் பாய்மரத்தின் அடியில் வயர் அறுந்திருந்தது.

அதன் பிறகு அவர் சொல்கிற முறையே மாறியது. "எரியுது" என்று சொல்வதை விட்டுவிட்டு, "இஞ்ச இருந்து போட்டுது, அங்க வந்ததோ?" என்று கேட்கத் தொடங்கினார். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு விளக்கு எப்போதும் எரியும், பம்ப் ஓடாது. பழுது என்று நான் சத்தம் போட்டேன். அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அடியில் ஊற்றச் சொன்னார். ஊற்றியதும் பம்ப் உறுமியது. காவலுக்கு நிற்கிறேன் என்பதுதான் அந்த விளக்கின் பேச்சு, வேலை செய்கிறேன் என்பதற்கு அதன் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார். காது அவருக்கு நல்ல கூர்மை. வேறு சிலவற்றில் சாமான் ஒழுங்காக ஓடியது, விளக்குத்தான் செத்திருந்தது. அவற்றைப் புதிதாக மாற்றினோம். பொய் சொல்கிற விளக்கு ஒன்றுகூட அந்தத் தகட்டில் இருக்கக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எழுத்துத் தெரிந்தவள் நான், என்னை ஏமாற்றினால் சமாளித்துக்கொள்வேன். அவருக்கு அந்த வெளிச்சத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

விளக்கு சரி, ஆனால் எந்த விளக்கு எதற்கு என்று விரலுக்கு எப்படித் தெரியும்? என் கைப்பையில் கல்லு வைத்த ஒட்டுப் பொட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. நங்கூர விளக்கின் சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு, பம்புக்கு இரண்டு, றேடியோவுக்கு நீளப் பொட்டு என்று ஒட்டிக்கொண்டே போனேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன, பனலுக்குக் கலியாணமோ?"

"ஓம். மாப்பிளை நீங்கள்தான்."

கண் மங்கிய பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். பொட்டு ஒட்டுகிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆனாலும் விற்கிற கதையை அவர் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதிரையில் இருந்து, "நீர் பாவம், எனக்காகக் கஷ்டப்படுறீர். அந்த மனேச்சர்ப் பெடியனுக்கு ஓமெண்டு சொல்லும்," என்பார். பொட்டுத் தடவி விளையாடுவது ஒரு வேலையா என்று அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாறத்தை மடித்துக் கொடுத்து, எழும்புங்கோ என்பேன்.

அண்ணன் மறுபடி வந்தது சுடுதண்ணிப் பெட்டியைக் கழற்றுவதற்கு. திருகோணமலை வெயிலில் எவனுக்கு வெந்நீர் வேண்டும்? அதைக் கழற்றிவிட்டு அந்த வயரில் ஒரு மின்விசிறி பூட்டலாம் என்பது அவர் யோசனை. பெட்டி படகின் பின்பக்கத்தில், ஈரம் கசிகிற ஒரு பொந்துக்குள் இருந்தது. அண்ணன் மெயின் சுவிச்சைக் கீழே தட்டி நூர்த்தார். சேட்டைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, தோள்வரை கையைப் பொந்துக்குள் விட்டார்.

பனலுக்கு முன்னால் நின்ற இவர் பழக்க தோசத்தில் ஒப்பிக்கத் தொடங்கினார். "மெயின் நூர்ந்திட்டு. பச்சை நூர்ந்திட்டு. சிவப்பு எரியுது."

"அது கரையில கறண்ட் இருக்கெண்டு காட்டுது. அப்பிடித்தான் எரியும்," என்றது பொந்துக்குள்ளிருந்து அண்ணன் குரல்.

"மெயினை நூர்த்தாப் பிறகும் இந்த லைற் எங்கயிருந்து கறண்ட் எடுக்குது?"

"மச்சான், உமக்குக் கண்ணுக்குள்ள மினுங்குதாக்கும்."

இவர் பனலில் வைத்திருந்த கையை எடுத்து வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அந்தக் கை இறங்கியதை நான் பார்த்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக நான் கட்டி எழுப்பியதெல்லாம் அந்தக் கையோடு சேர்ந்து இறங்கியது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணை, கையை வெளியில எடுங்கோ."

"தங்கச்சி, நான் எத்தினை வீட்டுக்கு வயர் பண்ணினனான் எண்டு தெரியுமோ?"

"நீங்கள் ஊருக்கே வயர் பண்ணுங்கோ. இப்ப கையை எடுங்கோ எண்டனான்."

என் குரலைக் கேட்டு அவர் கையை எடுத்தார். நான் படியேறிக் கரைக்குத் தாவி, கொட்டிலில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். கீழேயிருந்து இவருடைய குரல் கேட்டது. "சிவப்பு நூர்ந்திட்டு."

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகம் சுருங்கியிருந்தது. என்னைத் திருப்திப்படுத்துவதற்காக மட்டும், பிளக்கைத் திரும்பக் குத்தச் சொன்னார். மெயின் நூர்ந்தபடியே இருந்தது. குத்தியதும் சிவப்பு எரிந்தது. கழற்றிப் போட்ட சேட்டின் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, சற்று முன் அவர் விரல் தேடிக்கொண்டிருந்த பெட்டியின் வெள்ளை வயரில் நுனியை வைத்தார். டெஸ்டருக்குள் இருக்கும் சின்னக் கண் எரிந்தது.

அண்ணன் டெஸ்டரை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் எரிந்தது. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஈரப் பொந்து, வெறும் உடம்பு, வியர்வை. அண்ணியின் முகம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

நான் பிளக்கைப் பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் மடியில் வைத்துத் திறந்தார். பச்சை வயர் எர்த்தில் இருந்தது, அது சரி. கறுப்பு வயரை நியூட்ரலிலும் வெள்ளையைக் கறண்ட் வருகிற முள்ளிலும் பூட்டியிருந்தார்.

"கறுப்பெண்டால் நியூட்ரல்," என்றார் மெதுவாக. "தொழில் பழகின நாளில இருந்து சிவப்பில கறண்ட், கறுப்பு நியூட்ரல். கை தானாப் போயிட்டுது."

பனலைத் திறந்து மெயின் சுவிச்சின் பின்பக்கத்தைப் பார்த்தோம். அதில் பூட்டியிருந்தது கறுப்பு வயர். படகைக் கட்டியவர்களின் நாட்டில் மின்சாரம் கறுப்பில்தான் வருகிறது. கிழவர் பெட்டிகளை நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ப மாற்றியிருந்தாரே தவிர, வயர்களை மாற்றவில்லை. மெயின் சுவிச் கறுப்பை மட்டும்தான் அறுக்கும். அண்ணன் வெள்ளையில் மின்சாரத்தை விட்டிருந்ததால் சுவிச் மின்சாரம் வராத வயரைத்தான் அறுத்தது. மின்சாரம் படகு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் அந்த மூலையில் ஒரு தனி விளக்கை வைத்திருக்கிறார்கள். வயர் மாறிவிட்டது, தொடாதே என்பது அதன் பேச்சு. நானும் அண்ணனும் அதைப் பார்த்துத்தான் கறண்ட் வந்திட்டு என்று மகிழ்ந்திருக்கிறோம்.

"எல்லாத்தையும் தலைகீழாப் போட்டிருக்கிறாங்கள்," என்றார் அண்ணன்.

"தலைகீழாப் போட்டது அவங்கள் இல்லை," என்றேன். அவர் குனிந்து பிளக்கின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.

இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினார். நான் போய்க் குத்தினேன். மெயினை மேலே தட்டியது இவர்தான். நாங்கள் இரண்டு பேரும் கண் தெரிகிறவர்கள், ஆனால் பனலைப் பார்க்கவில்லை, அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பச்சை எரியுது," என்றார். கொஞ்சம் குனிந்து மூலைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். "சிவப்பு எரியேல்லை. இது எரியாமல் இருக்கிறதுக்குத்தான் இருக்கு."

அண்ணன் மன்னிப்பு என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை, அது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. ஆனால் மெயினை நூர்த்துவிட்டு மறுபடி பொந்துக்கு முன்னால் குப்புறப் படுத்தவர், இரண்டு கையையும் வெளியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"மச்சான், சிவப்பு என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லேல்லை. கையை வையும்."

அதன் பிறகுதான் அவர் டெஸ்டரையும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். நான் கைப்பையில் மிஞ்சியிருந்த பொட்டுகளில் பெரியதைத் தேடி எடுத்து, சிவப்பு விளக்கின் கீழே அழுத்தி ஒட்டினேன்.

பெட்டியைக் கழற்றி முடித்து, மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது என் போன் அடித்தது. விடுதி மனேச்சர். கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது அக்கா, படகை ஏற்ற ஆட்களைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் ஒரு கையால் அதைக் காதில் பிடித்துக்கொண்டார். மற்றக் கை பனலில், பொட்டுகளின்மேல் இருந்தது.

"இல்லைத் தம்பி, விக்கிறேல்லை," என்றார். "கப்பலில எனக்கு வேலை இருக்கு."